நான்காவது மாடி ஜன்னல்

இத்தாலியக் குற்றப்படங்களின் கதை: வாரத் தொடர், அத்தியாயம் 2

சென்ற வாரம்: 2004 செப்டம்பர். வெனிஸ் திரைப்பட விழாவில் குவென்டின் டாரண்டினோவும் ஜோ டான்டேயும் முன்னின்ற சிறப்புத் திரையிடல். முப்பது ஆண்டுகளாக விமர்சகர்கள் குப்பை என்று ஒதுக்கிவைத்த இத்தாலியக் குற்றப்படங்கள் மறுபடியும் பெரிய திரைக்கு வந்தன. அவற்றில் ஆகச் சிறந்த சிலவற்றை எடுத்த ஃபெர்னாந்தோ தி லேயோ அந்த இரவைப் பார்க்க இல்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் ரோமில் காலமாகியிருந்தார். இந்தப் படங்களில் போலீஸ்காரர்தான் நாயகன். ஆனால் போலீஸ் தலைமையகத்தை மட்டும் எந்தப் படமும் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இனி...

1967 செப்டம்பர் 25, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி.

மிலான் நகரம், ஸன்தொனாய் சதுக்கம். பாங்கோ தி நாப்போலி வங்கிக் கிளையிலிருந்து பணத்தை வாரிக்கொண்டு நான்கு பேர் வெளியே ஓடிவந்து காரில் ஏறினார்கள். தலைவர் பியெத்ரோ கவல்லேரோ, தூரின் நகரத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்களில் ஒருவனுக்கு வயது பதினேழுதான்.

போலீஸ் வண்டிகள் துரத்தின. கவல்லேரோ கும்பல் ஒரு கொடூரமான கணக்குப் போட்டது. தெருவில் நடந்துபோகிறவர்களைச் சுட்டால் போலீஸ் நின்று அவர்களைத் தூக்க வேண்டியிருக்கும், நமக்கு நேரம் கிடைக்கும். நகரத்தின் நடுவே, பட்டப்பகலில், ஓடும் காரிலிருந்து சுட்டுக்கொண்டே போனார்கள். லாரி ஓட்டுநர், பள்ளி மாணவன், வழிப்போக்கர் என்று சம்பந்தமே இல்லாத நான்கு உயிர்கள் போயின. காயம்பட்டவர்கள் இன்னும் பலர். கும்பலில் ஒருவனை அன்றைக்கே பிடித்தார்கள். ஆத்திரத்தில் இருந்த கூட்டத்திடமிருந்து அவனை மீட்பதே போலீசுக்குப் பெரும்பாடாகிவிட்டது. கவல்லேரோவும் இன்னொருவரும் எட்டு நாள் வயல்வெளிகளில் பதுங்கித் திரிந்து, அக்டோபர் 3ஆம் தேதி பியெமோந்தே பகுதியில் ஒரு பாழடைந்த ரயில்வே கட்டிடத்தில் அகப்பட்டார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்து நாடே திகைத்தது. கைவிலங்கோடு நின்ற கவல்லேரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை வெட்டிவைத்துக்கொண்டவர்களில் ஒருவர் இயக்குநர் கார்லோ லிட்ஸானி. போருக்குப் பிந்தைய நியோரியலிசப் பட்டறையில் வளர்ந்தவர், ரொஸ்ஸெல்லினியிடம் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்தி சூடு ஆறுவதற்குள் சினிமாவாகிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. தயாரிப்பாளர் தீனோ தெ லௌரெந்தீஸ் பணம் போட்டார். 1968 மார்ச்சில், அதாவது கொள்ளை நடந்த ஆறே மாதத்தில், 'பந்தித்தி அ மிலானோ' (மிலானில் கொள்ளையர்) திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. கவல்லேரோவுக்கு ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பு வந்தது ஜூலையில். நீதிமன்றத்துக்கு முன்பே சினிமா சாட்சி சொல்லிவிட்டது.

கல்ட் இரவுக் காட்சி ஒன்றை அமைக்கும் பொறுப்பு என் கையில் வந்தால் முதல் படமாக இதைத்தான் போடுவேன். இதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான படங்களுக்கும் வேண்டிய விதை இதில் இருக்கிறது. படத்தின் முன்பாதி தொலைக்காட்சிச் செய்திபோல நடக்கிறது. சூதாட்டக் கிளப், மாமூல் வசூல், விபசாரம் என்று புதுப்பணம் புரளும் மிலானின் இருட்டு மூலைகளை ஒரு போலீஸ் அதிகாரி கேமராவைப் பார்த்து விளக்குகிறார். பின்பாதியில் கொள்ளை, துரத்தல். செட் கிடையாது. எந்தத் தெருக்களில் ரத்தம் சிந்தியதோ அதே நகரத்தின் தெருக்கள். கார் திரும்பும்போது நடைபாதையில் மிரண்டு ஒதுங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தால், ஆறு மாதத்துக்கு முந்தைய அந்தப் பிற்பகல் இன்னும் அவர்களுக்கு மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

இந்தப் படத்தில் இரண்டு முகங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர் முழுக்க நம்மோடு வரும். கவல்லேரோவாக நடித்தவர் ஜான் மரியா வொலோன்தே. 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் பாட்டுப் பெட்டிக் கடிகாரத்தைத் திறந்துவைத்து, இசை நின்றதும் சுடுவாரே, அந்த வில்லன். துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்தவர் தோமாஸ் மிலியன், ஹவானாவில் பிறந்த கியூபாக்காரர். இங்கே ஒருவர் கொள்ளைக்காரர், ஒருவர் போலீஸ். இன்னும் சில ஆண்டுகளில் இருவரும் வேடத்தை மாற்றிக்கொள்வார்கள். மிலியன் இத்தாலியத் திரையின் மிகப் பயங்கரமான குற்றவாளி ஆவார், 1974இல். வொலோன்தே அதற்கு வெகு முன்பே போலீஸ் தலைமையகத்துக்குள் நுழைந்துவிட்டார்.

ஆனால் அவருக்கு முன்னால் ஒரு வெடிகுண்டு நுழைந்தது.

*

1969 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை.

மிலான் பேராலயத்தின் பின்புறம் ஃபொந்தானா சதுக்கம். அங்கே தேசிய வேளாண் வங்கி. மற்ற வங்கிகள் அந்த நேரத்துக்குக் கதவடைத்திருந்தன. இது மட்டும் வெள்ளிக்கிழமைகளில் மாலையிலும் திறந்திருக்கும். சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் மாட்டு வியாபாரிகளும் சந்தைக்கு வந்து, பேரம் படிந்தபின் வட்டமான அந்தப் பெரிய கூடத்தில் கூடிக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய மேஜை. அதன் அடியில் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மணி 4.37.

17 பேர் இறந்தார்கள். 88 பேர் காயமடைந்தார்கள். அதே மாலையில் ரோமிலும் மூன்று குண்டுகள் வெடித்தன. மிலானில் இன்னொரு வங்கியில் வெடிக்காத குண்டு ஒன்று முழுசாகக் கிடைத்தது. எந்த ஊர்க் கடிகாரம், எந்தக் கடையில் வாங்கிய பை, எந்த வகை வெடிமருந்து என்று எல்லாவற்றையும் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. அன்று இரவே அதிகாரிகள் அதை அங்கேயே வெடிக்கவைத்து அழித்தார்கள்.

கேட்டால், பாதுகாப்புக்காக என்றார்கள். இன்றுவரை எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இத்தாலியில் கோடிக்கணக்கானவர்களுக்கும் போதவில்லை. எழுபதுகளின் குற்றப்படங்களில் திரும்பத் திரும்ப ஒரு காட்சி வரும். நாயகன் உயிரைக் கொடுத்து ஒரு ஆதாரத்தைக் கொண்டுவருவான். மேலதிகாரியின் மேஜைக்குப் போனதும் அது காணாமல் போகும். திரைக்கதை எழுதியவர்கள் அதை எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. செய்தித்தாள் படித்தார்கள்.

வெடிகுண்டு வைத்தவர்கள் அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுகள் என்று போலீஸ் அன்றே முடிவுகட்டியது. எண்பது பேருக்கு மேல் பிடித்துவந்தார்கள். பியெத்ரோ வல்பிரேதா என்ற நடனக் கலைஞரை ஒரு டாக்ஸி ஓட்டுநர் அடையாளம் காட்டினார் என்று அவரைக் கைதுசெய்தார்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவருக்குக் கொலைகாரன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். வழக்கிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. குண்டு வைத்தது ஓர்தினே நுவோவோ என்ற தீவிர வலதுசாரிக் குழுவைச் சேர்ந்தவர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது 2005இல். அப்போது யாரையும் தண்டிக்க முடியவில்லை. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் எப்போதோ விடுதலையாகியிருந்தார்கள், அதே வழக்கை இரண்டாவது முறை நடத்தச் சட்டம் இடம்கொடுக்கவில்லை.

பிடித்துவந்தவர்களில் ஒரு ரயில்வே தொழிலாளியும் இருந்தார். ஜுசெப்பே பினெல்லி, வயது 41, இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். அவரை வண்டியில் ஏற்றவில்லை. போலீஸ் வண்டிக்குப் பின்னால் தன் மொபெட்டிலேயே தலைமையகத்துக்கு வந்துசேர்ந்தார். ஒளிக்க எதுவும் இல்லாத மனிதரின் போக்கு அது.

சட்டப்படி 48 மணி நேரத்துக்குமேல் அவரை வைத்திருக்கக்கூடாது. மூன்று நாள் ஆகியும் விடவில்லை. டிசம்பர் 15, நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. மிலான் போலீஸ் தலைமையகத்தின் நான்காவது மாடி. லூயிஜி கலாப்ரேசி என்ற இளம் அதிகாரியின் அறை. குளிர்கால இரவில் ஜன்னல் திறந்திருந்தது.

பினெல்லி அந்த ஜன்னல் வழியாக முற்றத்தில் வந்து விழுந்தார்.

*

குண்டு வெடித்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்று தான் சொன்ன கதை பொய் என்று அம்பலமானதும் அவரே குதித்துவிட்டார் என்றது போலீஸ். அவர் சொன்ன கதை உண்மை என்பது பிறகு தெரிந்தது. குற்றமே செய்யாதவர் ஏன் குதிக்க வேண்டும்? சாட்சி சொன்ன போலீஸ்காரர்களின் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 1975இல் நீதிபதி ஜெரார்தோ தாம்ப்ரோசியோ எழுதிய முடிவில் இது தற்கொலையும் இல்லை, கொலையும் இல்லை. களைப்பிலும் பதற்றத்திலும் உடல் நிலைதவறி விழுந்திருக்கிறார் என்று இருந்தது. கலாப்ரேசி அந்த நொடியில் அறையில் இல்லை என்றும் அதே முடிவு சொன்னது. இதை நான் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இனி வரப்போகும் பக்கங்களில் அந்த மனிதருக்கு நடக்கப்போவதைப் படிக்கும்போது இது நம் நினைவில் இருக்க வேண்டும்.

ஆனால் 1969இன் குளிர்காலத்தில் யாரும் நீதிபதிக்காகக் காத்திருக்கவில்லை. சுவர்களில் கலாப்ரேசியின் பெயர் 'கொலைகாரன்' என்ற சொல்லோடு சேர்ந்து எழுதப்பட்டது. ஓராண்டுக்குள் தாரியோ ஃபோ அந்த ஜன்னலை மேடைக்குக் கொண்டுவந்து ஒரு நாடகம் போட்டார். நாடெங்கும் அரங்கு நிறைந்தது.

சினிமா அதற்கும் முந்திக்கொண்டது. முந்திக்கொண்டது என்று சொல்வதுகூடக் குறைவு. குண்டு வெடிப்பதற்கு முன்பே எழுதிய திரைக்கதை ஒன்று அப்போது படமாகித் தயாராகிக்கொண்டிருந்தது.

எலியோ பெத்ரி இயக்கியது. உகோ பிர்ரோவுடன் சேர்ந்து அவர் எழுதிய கதை இது. ரோம் போலீசின் கொலைப் பிரிவுத் தலைவர் அரசியல் பிரிவுக்குப் பதவி உயர்வு பெறுகிற நாளில் தன் காதலியின் வீட்டுக்குப் போகிறார். அவள் கழுத்தை அறுக்கிறார். பிறகு நிதானமாகக் குளித்துவிட்டு, தனக்கு எதிரான தடயங்களை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக விட்டுவைக்கிறார். பிணத்தின் நகத்தில் தன் டையிலிருந்து இழுத்த நீலநிற இழை. கண்ணாடிக் கோப்பையில் கைரேகை. ரத்தத்தில் காலடித்தடம். வெளியே போகும்போது மாடிப்படியில் எதிர்ப்படும் இளைஞன் தன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி நிற்கிறார். அந்த இளைஞன் ஓர் அனார்க்கிஸ்ட் மாணவன். தன்னைக் கைதுசெய்ய இந்த அரசாங்கத்துக்குத் துணிவு வருமா என்று பார்க்கத்தான் அவர் இத்தனையும் செய்கிறார்.

அந்த அதிகாரிக்குப் படத்தில் பெயரே கிடையாது. எல்லோரும் 'தொத்தோரே' என்றுதான் அழைக்கிறார்கள். நடித்தவர் வொலோன்தே. இரண்டு ஆண்டுக்கு முன் கைவிலங்கோடு சிரித்த அதே வாய், இப்போது மேடையேறி அதிகாரிகளின் முன் முழங்குகிறது. பதவி ஏற்கும் அந்த உரைக் காட்சிக்காகவே படத்தை எத்தனை தரமும் பார்க்கலாம். தென்னிந்திய மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் உடனே பிடிபடும். முதலில் தணிந்து வரும் குரல், கேட்பவர்களின் பயத்தைத் தொட்டதும் எகிறும். குடிமக்கள் குழந்தைகள், நாம் தகப்பன்கள் என்கிற தொனி. அதே மனிதர் காதலியோடு தனியே இருக்கும் காட்சிகளில் அழுகிற பிள்ளையாகிவிடுகிறார். அதிகாரம் என்பது வளராத மனிதன் போட்டுக்கொள்ளும் சட்டை என்கிறார் பெத்ரி. எனியோ மோரிக்கோனேயின் இசை, சுருதி சேராத தெருப் பாடகர் வாத்தியம்போல நொண்டி நொண்டிக் கூடவே வருகிறது.

படம் 1970 பிப்ரவரியில் வெளியானது. பினெல்லி விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரையில் போலீஸ் தலைமையகம், அனார்க்கிஸ்ட் மாணவன், விசாரணை அறை. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கதை முந்தி, சம்பவம் பிந்தி என்று யார் அவர்களுக்கு விளக்கிச் சொல்வது? கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசும், மறு ஆண்டு சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் வந்தன. இத்தாலியில் அதைவிடப் பெரிய ஒன்று நடந்தது. திரையில் தெரிந்த பெயரில்லாத அதிகாரிக்குப் பார்வையாளர்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்தார்கள்.

கலாப்ரேசி.

*

பெயரிடப்பட்டவர் சும்மா இருக்கவில்லை. தன்னைக் கொலைகாரன் என்று எழுதிய 'லோத்தா கொந்தினுவா' பத்திரிகையின் ஆசிரியர் மீது அவதூறு வழக்குப் போட்டார். அது அவருக்கு எதிராகவே திரும்பியது. நீதிமன்றத்தில் ஒவ்வொரு நாளும் பினெல்லியின் மரணமே விசாரணைக்கு வந்தது. 1971 ஜூனில் 'லெஸ்ப்ரெஸ்ஸோ' வார இதழில் கலாப்ரேசியைச் சித்திரவதை செய்பவர் என்று குறிப்பிட்ட ஒரு கடிதம் வெளியானது. கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கை கடைசியில் 757ஐத் தொட்டது. ஃபெல்லினி, பஸோலினி, உம்பெர்த்தோ எகோ. இத்தாலியப் பண்பாட்டின் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இடையில் இன்னொரு பூதமும் வெளிவந்தது. 1970 டிசம்பர் 7ஆம் தேதி இரவு, முசோலினி காலத்துக் கடற்படைத் தளபதியான இளவரசர் யூனியோ வலேரியோ பொர்கேஸே ஆட்சியைக் கைப்பற்ற ஆள்திரட்டி, உள்துறை அமைச்சகத்துக்குள்ளேயே ஆட்களை அனுப்பிவிட்டு, கடைசி நேரத்தில் பின்வாங்கியிருந்தார். மூன்று மாதம் கழித்துத்தான் மக்களுக்கு விஷயமே தெரிந்தது. தாங்கள் தூங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில் நாடு கைமாறியிருக்கும் என்று மார்ச் மாதம் காலையில் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்வது எப்படி இருந்திருக்கும்!

இந்த மனநிலையோடுதான் இத்தாலியர்கள் 1972 பிப்ரவரியில் திரையரங்குக்குப் போனார்கள். ஒரே மாதத்தில் இரண்டு படங்கள்.

அவர்கள் போன அரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பதுபோல அங்கே முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நகர மையத்தின் பெரிய அரங்கில் தொடங்கும் படம், பிரிண்ட் கீறல் விழ விழ, புறநகருக்கும் கிராமத்துக்கும் இறங்கும். டிக்கெட் விலையும் கூடவே இறங்கும். குற்றப்படங்களின் பணம் அந்தக் கடைசிச் சுற்றுகளில்தான் இருந்தது. வருடத்துக்கு 50 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்ற நாடு அது.

முதல் படம், தி லேயோவின் 'மிலானோ கலிப்ரோ 9'. செர்ஜியோ லியோனேயின் முதல் இரண்டு டாலர் படங்களின் திரைக்கதையில் பெயர் போடாமல் உழைத்தவர் தி லேயோ. இந்தப் படத்துக்குத் தலைப்பையும் உலகத்தையும் ஜோர்ஜோ ஷெர்பானென்கோவின் சிறுகதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். கீவ் நகரில் பிறந்து மிலானில் வாழ்ந்த ஷெர்பானென்கோ அந்த நகரத்தின் குற்ற உலகை எழுதியதுபோல வேறு யாரும் எழுதவில்லை. ஃபொந்தானா சதுக்கத்தில் குண்டு வெடிப்பதற்கு ஒன்றரை மாதம் முன்னால் இறந்துபோனார்.

கல்ட் இரவுகளில் இந்தப் படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கு அரங்கமே மூச்சடங்கும். பேராலயத்துக்கு முன்னால் பரந்த சதுக்கம். ஒருவன் கையில் ஒரு பொட்டலம். கூட்டத்தில் எதிரே வருகிறவனிடம் அது கைமாறுகிறது. அவனிடமிருந்து ஒரு பெண்ணுக்கு, அங்கிருந்து சுரங்க ரயிலுக்கு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. லூயிஸ் பகாலோவின் இசையும் ஒஸான்னா குழுவின் முரட்டு ராக்கும்தான் பேசுகின்றன. நகரத்தைச் சுற்றிவிட்டுப் பொட்டலம் உரியவர்களிடம் வந்துசேர்கிறது. ரொக்கோ என்ற அடியாள் அதைப் பிரிக்கிறான். டாலர் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய வெற்றுத்தாள். அடுத்து வருவது இத்தாலிய சினிமாவின் மிகக் கொடூரமான சில நிமிடங்கள். பொட்டலத்தைத் தொட்ட கைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டு, அடிபட்டு, கடைசியில் ஒன்றாகக் கட்டப்பட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு குகையில் டைனமைட்டுக்கு இரையாகிறார்கள். பிறகுதான் தலைப்பே வருகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து உகோ பியாட்ஸா என்பவன் சிறையிலிருந்து வெளியே வருகிறான். அந்த 3 லட்சம் டாலரை எடுத்தது அவன்தான் என்று மாஃபியா நம்புகிறது, போலீசும் நம்புகிறது. இல்லை என்கிறான் அவன். நடித்தவர் காஸ்தோனே மோஸ்கின். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் வெள்ளை உடையில் மிதப்பாக நடந்துவரும் ஃபனுச்சியை நினைவிருக்கிறதா? அவரேதான், ஆனால் இங்கே முகத்தில் ஒரு நரம்பு அசையாது. எடுத்தானா இல்லையா என்பதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்களுக்காக அது அப்படியே இருக்கட்டும்.

பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று இதில் உண்டு. போலீஸ் அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் பழைய ரகம், கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்பவர். மற்றவர் தெற்கத்திக்காரர், இடதுசாரி மனம் கொண்டவர். வேலை தேடி வடக்கே வந்த ஏழைகளைச் சிறையில் அடைத்துவிட்டு, பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தும் முதலாளிகளை ஏன் தொடுவதில்லை என்று கேட்கிறார். கதையின் வேகத்தை இது குறைக்கிறது என்று விமர்சகர்கள் சொன்னதுண்டு. நான் ஒப்பமாட்டேன். மிலானில் அன்று ஒவ்வொரு காப்பிக்கடையிலும் நடந்துகொண்டிருந்த சண்டை அது. தி லேயோ அதைத் தலைமையகத்துக்குள்ளேயே நடத்திக்காட்டினார்.

இரண்டாவது படத்தின் பெயர் 'லா பொலிட்ஸியா ரிங்ராட்ஸியா'. போலீஸ் நன்றி சொல்கிறது என்று பொருள். இயக்கியவர் பெயரைப் பார்த்தவர்கள் யாரென்று தெரியாமல் விழித்திருப்பார்கள். ஸ்தெஃபானோ வன்ட்ஸீனா. நகைச்சுவை மன்னர் தோத்தோவை வைத்து இத்தாலியை இருபது ஆண்டுகளாகச் சிரிக்கவைத்த 'ஸ்தேனோ'வின் இயற்பெயர் அது. இந்தப் படத்துக்கு அந்தச் செல்லப்பெயரை அவர் போட்டுக்கொள்ளவில்லை.

ரோமில் பெர்தோனே என்ற நேர்மையான அதிகாரி, என்ரிகோ மரியா சலேர்னோ நடித்தது. பிடித்தவர்களை நீதிமன்றம் விட்டுவிடுகிறது, பத்திரிகைகள் அவரையே கேள்வி கேட்கின்றன. அந்த நேரத்தில் குற்றவாளிகள் இரவில் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். யாரோ ஊரைச் சுத்தம் செய்கிறார்கள். ஜனங்கள் உள்ளுக்குள் மகிழ்கிறார்கள். இந்த இடத்தில் நின்றிருந்தால் படம் ஒரு சாதாரண பழிவாங்கும் கதையாகப் போயிருக்கும். பெர்தோனே மட்டும் மகிழவில்லை. சுடுகிறவர்களின் கை தேர்ந்த கை என்பதைக் கவனிக்கிறார். துப்பு அவரை ஒரு ஓய்வுபெற்ற உயர் அதிகாரியின் வரவேற்பறைக்குக் கொண்டுபோகிறது. கொலைகாரர்கள் முன்னாள் போலீஸ்காரர்கள். அவர்களின் குறி தெருத் திருடர்களோடு நிற்கவில்லை. பொர்கேஸேயின் இரவைப் பேப்பரில் படித்திருந்த பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. (ரொக்கோ என்ற அடியாளாக நடித்த மாரியோ அடார்ஃப் இந்தப் படத்தில் அரசு வழக்கறிஞர்! அந்த மாதம் இரண்டையும் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.)

படம் வசூலை அள்ளியது. பின்னால் 'பொலிட்ஸியோத்தெஸ்கோ' என்று விமர்சகர்கள் இளக்காரமாகப் பெயர்வைத்த பெரும் வெள்ளம் இந்த மடையிலிருந்துதான் புறப்பட்டது. இந்தப் படங்களை ஃபாசிசப் படங்கள் என்று திட்டியவர்கள் நிறைய. பின்னால் வந்த சிலவற்றுக்கு அந்தத் திட்டு பொருந்தும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மூலப் படம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. சட்டத்தை மீறிச் சுடும் போலீஸ்காரன்தான் இதில் வில்லன். அவனைச் சட்டத்தின் முன் நிறுத்தத் துடிப்பவர்தான் நாயகன்.

பெர்தோனேக்கு என்ன ஆனது? துப்பாக்கிக் குண்டு. கதை அப்படித்தான் முடிய முடியும் என்று ஸ்தேனோ நினைத்தார். நேர்மையான போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்படுவதைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி இரவின் குளிரில் ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அது சினிமா. மே மாதம் வந்தது.

*

1972 மே 17, புதன்கிழமை. மிலான், கெருபீனி தெரு.

காலை ஒன்பதேகால் மணி. ஆறாம் எண் வீட்டிலிருந்து 34 வயது மனிதர் ஒருவர் வெளியே வருகிறார். வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள், மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கும் மனைவி. தெருவைக் கடந்து, நிறுத்தியிருந்த சிறிய ஃபியட் 500 காரை நோக்கி நடக்கிறார். அவருக்குப் பாதுகாப்புக் காவலர் யாரும் இல்லை. லூயிஜி கலாப்ரேசியின் பெயர் இரண்டரை ஆண்டுகளாகச் சுவர்களில் இருக்கிறது, பத்திரிகைகளில் இருக்கிறது, 757 கையெழுத்துகளுக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் அவர் தனியாகத்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒருவன் நெருங்குகிறான். இரண்டு குண்டுகள். ஒன்று முதுகில், ஒன்று தலையில். காத்திருந்த நீலநிற ஃபியட் 125 அவனை ஏற்றிக்கொண்டு பறக்கிறது. சில தெருக்கள் தள்ளி அந்தக் காரைக் கண்டெடுத்தார்கள். திருடப்பட்ட கார். ஆட்கள் மாயம்.

சுட்டது யார்? ஓட்டியது யார்? ஓட்டியவர் தானாகவே வந்து, நான்தான் என்று சொல்ல 16 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு தேசம் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அவர் சொன்னது உண்மையா என்று அதற்குப் பிறகும் போடும்.

ரோமில் சினேசித்தா ஸ்டூடியோவைச் சுற்றியிருந்த தயாரிப்பாளர்களின் மேஜைகளில் அன்று பாதி எழுதிய போலீஸ் கதைகள் கிடந்தன. நிஜ அதிகாரி ஒருவர் நடுத்தெருவில் ரத்த வெள்ளத்தில் கிடக்கும் படம் எல்லாப் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலும் வந்துவிட்டது. இனித் திரையில் போலீஸ்காரரை யாராகக் காட்டுவது? பெத்ரியின் பெயரில்லாத கொலைகாரராகவா, ஸ்தேனோவின் நேர்மையான பலியாகவா?

பதில் 1973 கோடையில் ஜெனோவா துறைமுகத்துப் படம் ஒன்றிலிருந்து வந்தது. அந்தப் படத்தில் ஒரு மூத்த அதிகாரி, நகரத்தின் பெரிய மனிதர்களின் பெயர்கள் அடங்கிய கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரைப் பார்க்கக் கிளம்புகிறார். போகாதீர்கள் என்று தடுக்க அவருடைய இளம் சகா அருகில் இல்லை. அந்தச் சகா, நீலக்கண் நடிகர் ஃப்ராங்கோ நேரோ, சம்பவ இடத்துக்கு ஓடிவருவதற்குள்...

(தொடரும்)